தரையில் பிழைக்கும் தெள்ளு

தீபாவளிக்கு முந்திய நாட்களில் கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு வரும் பஸ்களில் நிற்கக்கூட இடமிருக்காது. புறக்கோட்டைக் கடைகளிலும் பெரிய வீடுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஹட்டனில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போவார்கள். சில குடும்பங்களில் எல்லாருமே வெளியூர். லயத்துக் காம்பரா மாதக்கணக்காகப் பூட்டியே கிடந்திருக்கும். கதவைத் திறந்து, பையை இறக்கி, பாயைத் தட்டி விரித்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கணுக்காலில் சுருக் சுருக்கென்று கடி தொடங்கிவிடும். வெள்ளைக் காலுறை போட்டிருப்பவர் குனிந்து பார்த்தால் கறுப்புப் பொட்டுகள் துள்ளுவது தெரியும். நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனார்கள், பூனை எப்போதோ ஓடிப்போய்விட்டது, வீட்டில் ஓர் உயிரும் இல்லை. அப்படியானால் இத்தனை தெள்ளு எங்கிருந்து வந்தது?

அது எங்கிருந்தும் வரவில்லை, தரையிலேயே இருந்தது. அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன நாளில் முட்டையாகவும் புழுவாகவும் இருந்தவை, ஆளில்லாத மாதங்களில் வளர்ந்து முடித்துக் கூட்டுக்குள் ஒடுங்கியிருந்தன. மனிதக் காலின் பாரமும் உடம்பின் சூடும் தரையில் பட்டதும் ஒன்றாக வெளியே வந்தன. வீட்டில் தெள்ளை ஒழிக்க நினைப்பவர் முதலில் மனதில் கொள்ளவேண்டியது இதைத்தான். நாயின் மேல் காண்பது அதன் கூட்டத்தில் மிகச் சிறிய பங்கு. மற்றதெல்லாம் நம் காலடியில் இருக்கிறது.

நாய், பூனைகளின் உடம்பில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் இரண்டு இனங்கள். உலகமெங்கும் பரவிய பூனைத்தெள்ளு ஒன்று. அறிவியலில் டெனோசெஃபலைடிஸ் ஃபெலிஸ் என்பார்கள். பெயரில் பூனை இருந்தாலும் நாயையும் அது விடாது. மற்றது ஆசியப் பகுதிகளில் நாய்களிடம் மிகுதியாகக் காணப்படும் அதன் நெருங்கிய உறவு, டெனோசெஃபலைடிஸ் ஓரியென்டிஸ். ஒழிக்கும் வேலைக்கு இந்த வேறுபாடு முக்கியமில்லை, இரண்டின் வாழ்க்கையும் ஒரே போக்கில்தான் நடக்கிறது.

நாயின் வாலடியில், மயிர் அடர்ந்த இடத்தில், நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி, விழுவதை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். மண்ணைப்போல, மிளகுத் தூளைப்போலக் கறுப்புத் துகள்கள் விழும். ஒரு நிமிடம் பொறுத்தால் ஒவ்வொரு துகளையும் சுற்றிச் செம்பழுப்பு வளையம் ஊறும். மண்ணாக இருந்தால் அப்படி ஊறாது. அது இரத்தம். பெண் தெள்ளு ஒரு நாளில் தன் எடையைப்போல 15 மடங்கு வரை இரத்தம் குடிக்கிறது. அவ்வளவும் அதற்குச் செரிப்பதில்லை. பாதி செரித்த இரத்தம் எச்சமாக வெளியேறி, காய்ந்து, நாய் படுக்கும் இடத்தில் உதிர்கிறது. அதே இடத்தில் முட்டைகளும் உதிர்கின்றன. முதல் இரத்தத்தைக் குடித்து ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கும் பெண், ஒரு நாளைக்கு 40, 50 வரை இடும். அரை மில்லிமீட்டர் நீளம், பளபளப்பான வெள்ளை, மயிரில் ஒட்டாத வழுவழுப்பு. நாய் எழுந்து உடம்பைச் சிலுப்பும்போது முட்டையும் அதிலிருந்து பிறக்கப்போகும் புழுவுக்கான தீனியும் சேர்ந்தே தரையில் விழுகின்றன. தாய்த் தெள்ளு நாயைவிட்டு இறங்காமலே தரையிலுள்ள பிள்ளைக்கு ஊட்டுகிறது. இயற்கையில் இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு அதிகமில்லை என்றே சொல்வேன்.

வெளியே வந்த புழு வெளிச்சத்தை வெறுக்கும், கீழ்நோக்கியே போகும். சீமெந்து வெடிப்பு, சுவரும் தரையும் சேரும் இடுக்கு, மரக்கட்டிலின் கால், அடுக்கிவைத்த விறகின் அடி, படங்குச் சாக்கு மடிந்து கிடக்கும் மூலை என்று இருட்டைத் தேடும். இரண்டு முறை தோலுரித்த பிறகு, பசையுள்ள நூலால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். பக்கத்திலிருக்கும் தூசி, மண், மயிர் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்வதால் தும்புத்தடியோடு அந்த மூலையில் குந்தியிருப்பவருக்கும் அது தூசி உருண்டையாகவே படும். பொதுவான கணிப்பில், ஒரு வீட்டுத் தெள்ளுக் கூட்டத்தில் வளர்ந்தவை நூற்றுக்கு 5 தான். சுமார் பாதி முட்டை, மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் புழு, மிச்சம் கூடு.

இனி மலைநாட்டுக்கு வருவோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஹட்டன் அதைவிடத் தாழ்வு, சற்றுச் சூடு, ஆனால் மழை கூட. குளிரில் பூச்சி பிழைக்காது என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. நுளம்பு விஷயத்தில் அதில் ஓரளவு உண்மையும் உண்டு. தெள்ளு விஷயத்தில் அந்த நம்பிக்கை ஆளைக் கவிழ்த்துவிடும். தெள்ளுப் புழுவைக் கொல்வது வறட்சி. காற்றின் ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே போனால் அது காய்ந்து சாகும். மே தொடங்கி மாதக்கணக்காகத் தென்மேல் பருவமழை பெய்து, துவைத்த கம்பளி வாரக்கணக்கில் காயாமல் மணக்கும் லயத்தில் அந்த வறட்சிக்கு வழியேது?

குளிர் அதைக் கொல்வதில்லை, தாமதப்படுத்துகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் ஜூல்ஸ் சில்வர்மன், மைக்கேல் ரஸ்ட் ஆகியோர் 1980களின் முற்பாதியில் செய்த ஆய்வுகளே இதற்கு இன்றுவரை அடிப்படை. 32 பாகை வெப்பத்தில் ஒன்றரை நாளில் பொரிக்கும் முட்டை, 13 பாகையில் 6 நாள் எடுக்கிறது. புழுப்பருவமும் அப்படியே இழுபடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கூட்டுக்குள் முழுதாக வளர்ந்துவிட்ட தெள்ளு உடனே வெளியே வந்தாக வேண்டியதில்லை. அமுக்கமோ சூடோ தன்னைத் தொடும்வரை அது காத்திருக்கும். ஈரமும் குளிருமான சூழலில், 11 பாகையில், 140 நாள் வரை அப்படி உயிரோடு காத்திருந்ததைக் கண்டார்கள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் வெப்பம் அதற்கும் கீழே இறங்குகிறது. சூடான ஊரில் மூன்று கிழமையில் முடியும் சுற்று, இங்கே மாதங்களுக்கு நீளும்.

மருந்து போட்டும் போகவில்லை என்று மலைநாட்டில் அடிக்கடி கேட்கும் முறைப்பாட்டின் காரணம் இங்கேதான் இருக்கிறது. பூச்சிமருந்து எதுவும் அந்தக் கூட்டை ஊடுருவிக் கொல்வதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். தரைக்கு மருந்தடித்து, நாயைக் குளிப்பாட்டி, ஒரு கிழமை நிம்மதியாக இருந்த பிறகு மறுபடி கடி தொடங்கினால், மருந்து போலி என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் வருவது பழைய கூடுகளிலிருந்து இறங்கும் அடுத்த அணி. கைவிடும் அந்த நேரம்தான் தெள்ளுக்கு வேண்டியது.

குளிரும் சூடும் தெள்ளின் போக்கை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதில் இந்தத் தீவுக்கு ஒரு பழைய, பெரிய பாடம் உண்டு. பிளேக் நோயை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது தெள்ளே என்று பிரெஞ்சு மருத்துவர் போல் லூயி சிமோன் 1898இல் கராச்சியில் பரிசோதனை செய்து காட்டினார். அந்த நோய் 1914இல் கொழும்பில் தலைகாட்டியது. மாநகரின் நுண்ணுயிரியலாளராக இருந்த லெனார்ட் ஃபேபியன் ஹர்ஸ்ட், எலிகளைப் பிடித்து அவற்றின் தெள்ளுகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் பார்த்தார். எல்லா எலித்தெள்ளும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரிந்தது. கொழும்பில் பரவலாக இருந்தது ஸெனோப்சில்லா ஆஸ்டியா என்ற இனம், அது பிளேக்கைக் கடத்துவதில் மந்தம். நோய் மூண்ட தானியக் களஞ்சியப் பகுதிகளில் இருந்ததோ ஸெனோப்சில்லா கியோப்பிஸ், பிளேக்கின் முதன்மை வாகனம். பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தானியம் வந்து இறங்கிய இடங்கள் அவை. தோட்டத் தொழிலாளர் சாப்பிட்ட அரிசியும் அந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான் மலையேறியது. சென்னை நகரம் பிளேக்கின் பெருந்தாக்குதலிலிருந்து தப்பியதற்கும் அங்கே ஆஸ்டியா மிகுந்திருந்ததே காரணம் என்று ஹர்ஸ்ட் வாதிட்டார். வெக்கையான கரையோரச் சமவெளி ஆஸ்டியாவுக்கு ஒத்துப்போனது, தென்னிந்தியாவின் குளிர்ந்த மேட்டுநிலங்கள் கியோப்பிஸுக்கு. வாழ்நாள் முழுதும் சேர்த்த இந்த அறிவை அவர் 1953இல் பிளேக்கை வென்ற கதையாகப் பெரிய நூலாக்கினார்.

அந்தக் காலத்தில் கற்ற ஒன்று இன்றைக்கும் லயத்தில் செல்லுபடியாகும். எலியை மட்டும் கொன்றால், செத்த உடம்பைவிட்டு இறங்கும் தெள்ளு அடுத்த சூடான உடம்பைத் தேடும். கூரையிடுக்கில் எலிப்பாஷாணம் வைப்பவர் தரையையும் சேர்த்துக் கவனிக்கவேண்டும்.

நாயை விரட்டுவதும் இதே பிழைதான், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் அதுவே. கடி தாங்காமல் நாயைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், பூனையைச் சாக்கில் கட்டி அடுத்த மலையில் அவிழ்த்துவிடுகிறார்கள். வீட்டுத் தரையில் நூற்றுக்கு 95 பங்கு இருக்கும்போது, அவை வெளியே வந்து ஏறுவதற்கு இருந்த ஒரே மயிருள்ள உடம்பையும் அனுப்பிவிட்டால் மிஞ்சுவது குழந்தையின் கால். மருந்து கொடுத்த நாய் வீட்டிலேயே, வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும். கூட்டிலிருந்து வருபவை அதன்மேல் ஏறும், கடிக்கும், முட்டையிட நேரமின்றிச் சாகும். தரையைத் துப்புரவாக்கும் வேலையில் நமக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

எந்த மருந்து என்பதில் மிகக் கவனம் தேவை. தேயிலைக்கு அடிக்க வைத்திருக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயின் மேல் ஊற்றுவது, மண்ணெண்ணெய் தடவுவது, டெட்டோலில் குளிப்பாட்டுவது எல்லாம் நடக்கின்றன. நாய் தன் மயிரை நக்கும், பூனை இன்னும் அதிகம் நக்கும், விஷம் வயிற்றுக்குள் போகும். டெட்டோல் போன்றவற்றிலுள்ள பீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. பெர்மெத்ரினும் அப்படித்தான். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் சொட்டுமருந்தைப் பூனைக்குப் போட்டால் நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகலாம். நாய்க்கு அதைப் போட்ட வீட்டில் பூனை நாயோடு ஒட்டிப் படுத்தாலே ஆபத்து.

நாய்க்கு இன்று கிடைக்கும் வலுவான மருந்து ஐசொக்சசோலின் வகை மாத்திரைகள். ஃப்ளூரலனர் ஒரு மாத்திரை 12 கிழமை காக்கும். அஃபொக்சொலனரை மாதந்தோறும் கொடுக்கவேண்டும். பிடரியில் விடும் ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட் சொட்டுமருந்துகளும் உண்டு. நாயின் எடைக்கேற்ற அளவு வேண்டும், வலிப்பு வந்த வரலாறுள்ள நாய்க்கு முதல்வகை ஒத்துவராமல் போகலாம். எனவே பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுச் செய்வதே நல்லது. விலைதான் தடை. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட ஒரு கொழுந்துப் பறிப்பவருக்கு, நாய்க்கு மாத்திரை என்பது அரிசியோடு போட்டியிடும் செலவு. விசர்நாய்த் தடுப்பூசியைப் பொதுச் செலவில் லயம் லயமாகக் கொண்டுபோய்ப் போட முடிகிற நாட்டில், தெள்ளு மருந்தையும் அதோடு சேர்த்துக் கொண்டுபோவது நடக்கக்கூடிய காரியம் என்று நம்புகிறேன். தெள்ளு வெறும் சொறிச்சல் தரும் பூச்சியில்லை. நாடாப்புழுவின் முட்டையைத் தின்ற தெள்ளைச் சிறுபிள்ளை தற்செயலாக விழுங்கினால் அந்தப் புழு பிள்ளையின் குடலில் வளரும். எலித்தெள்ளு கடத்தும் டைஃபஸ் காய்ச்சலும் உண்டு. கொழுந்து மலையிலிருந்து வருபவரின் காலில் இருக்கும் தடிப்பெல்லாம் அட்டைக்கடி என்று ஒதுக்கிவிடுவதால் இந்த எண்ணமே பலருக்கு வருவதில்லை.

தரைக்கான மருந்துகளில் ஒன்றின் பிறப்புக் கதை சொல்லாமல் விடமுடியாதது. 1960களின் நடுவில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து கரெல் ஸ்லாமா என்ற ஆய்வாளர் ஹார்வர்டுக்கு, கரோல் வில்லியம்ஸின் ஆய்வுகூடத்துக்கு வந்தார். கூடவே தாம் பிராகாவில் ஆண்டுக்கணக்காக வளர்த்த செம்மூட்டுப் பூச்சிகளையும் கொண்டுவந்தார். பிராகாவில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அமெரிக்காவில் வயதுக்கே வரவில்லை. குஞ்சாகவே பெருத்து, இன்னொரு முறை தோலுரித்து, இராட்சதக் குஞ்சாகிச் செத்தன. உணவு, தண்ணீர், வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கடைசியில் பிடிபட்டது, கிண்ணத்துக்குள் விரித்திருந்த காகிதம். அமெரிக்கக் காகிதத் துவாலை, நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைத் தாள் எல்லாம் பூச்சியை வளரவிடவில்லை. லண்டன் டைம்ஸ் தாளில் அவை நன்றாக வளர்ந்தன! வட அமெரிக்காவில் காகிதம் செய்யும் பால்சம் ஃபிர் மரத்தில், பூச்சிகளின் இளமை ஹோர்மோனை ஒத்த ஒரு பொருள் இருந்தது. உடம்பில் அந்த ஹோர்மோன் இருக்கும்வரை பூச்சி குஞ்சாகவே இருக்கும். தன்னைத் தின்னும் பூச்சியிடமிருந்து தப்ப மரம் கண்டுபிடித்த வழி இது.

இந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தவை மெத்தோப்ரீன், பைரிப்ரொக்ஸிஃபென் முதலிய வளர்ச்சித் தடுப்பிகள். தரையில் தெளித்தால் தெள்ளு முட்டை பொரிக்காது, பொரித்த புழு கூடு தாண்டி வளராது. நமக்கும் நாய்க்கும் இப்படியொரு ஹோர்மோன் இல்லாததால் தீங்கு மிகக் குறைவு. வெயில் படும் இடத்தில் மெத்தோப்ரீன் சிதைந்துவிடும், பைரிப்ரொக்ஸிஃபென் தாங்கும். சுற்று மாதக்கணக்கில் இழுபடும் குளிர்ப்பிரதேசத்துக்கு வளர்ந்த தெள்ளை உடனே வீழ்த்தும் மருந்தைவிட இந்த வகையே முக்கியம் என்பது என் கருத்து. இருக்கும் தெள்ளு வயதாகிச் சாகும், புதிதாக ஒன்றும் சேராது.

மருந்து வாங்க வசதியில்லாத வீட்டிலும் செய்யக்கூடியது நிறைய. புழுவுக்கு வேண்டியது இடுக்கு, ஈரம், உதிர்ந்த இரத்தம் மூன்றும். நாய் படுக்கும் சாக்கையும் பிள்ளைகளின் கம்பளியையும் கிழமைக்கு ஒருமுறை கொதிநீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்தால் முட்டையும் புழுவும் போய்விடும். தரை வெடிப்புகளைக் கூரான குச்சியால் கிண்டி, பெருக்கியதை வாசலில் கொட்டாமல் அடுப்பில் போடவேண்டும். கொட்டினால் அது இஸ்தோப்பின் நிழலிலேயே வளர்ந்து திரும்பி வரும். பிறகு வெடிப்பைச் சீமெந்தால் பூசிவிட வேண்டும். குசினியில் அடுப்போரம் பூனை சுருண்டு படுக்கும் இடத்தைத் தனியாகப் பாருங்கள். வீடு முழுதும் குளிரில் மந்தமாக நடக்கும் வளர்ச்சி அந்த ஒரு மூலையில் சமவெளி வேகத்தில் நடக்கும். வாசலில் வெயில் நேராக விழும் மண்ணுக்கு மருந்து தேவையில்லை, புழு அங்கே பிழைக்காது. விறகு அடுக்கு, மாட்டுக்கொட்டிலின் ஓரம், இஸ்தோப்பின் அடி ஆகியவைதான் வெளியே கவனிக்கவேண்டியவை. மானாப்புல்லும் யூக்கலிப்டஸ் இலையும் பரப்புவார்கள். அந்த வாடை வளர்ந்த தெள்ளைச் சற்று விலக்கலாம், வெடிப்புக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது.

லயம் தனி வீடில்லை. ஒரே கூரை, ஒரே சுவர், ஒரே இஸ்தோப்பு, எல்லா வாசலிலும் படுக்கும் அதே நாய்கள். ஒரு காம்பராவை மட்டும் துப்புரவு செய்தால் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு நாய் நடந்துவரும் தூரம்தான். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியோடு தனித்தனி வீடு கிடைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பாதியாகக் குறைந்திருக்கும். பூசின தரையும் தனிச் சுவரும் தெள்ளுக்குப் பெரிய தடை. லயத்திலேயே இருப்பவர்கள் பேசிவைத்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கவேண்டும். பெரட்டு இல்லாத நாளாக இருந்தால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தைப்பொங்கலுக்கு முன் வருவதாக இருக்கட்டும். எப்படியும் வீட்டைக் கழுவி வெள்ளையடிக்கும் காலம். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்கு மலைச்சரிவில் மழை குறைந்து வெயில் காயும், கம்பளி ஒரே நாளில் உலரும், காற்றும் நம் பக்கம் நிற்கும். பொங்கலில் கொடுத்த 12 கிழமை மாத்திரை சித்திரைப் புத்தாண்டுக்குக் கிட்டத்தட்ட முடியும். ஆள் நடமாடி அடுப்பெரியும் வீட்டில் கூடுகள் ஆய்வுகூடத்தில்போல 140 நாள் சும்மா இருப்பதில்லை, பெரும்பகுதி இந்த மூன்று மாதத்துக்குள் வெளியே வந்து தீர்ந்துவிடும். இடையில் முதல் மாதத்தில் கடி கூடுவதுபோல் தோன்றும், அப்போது நிறுத்தக்கூடாது. கிழமைக்கு ஓர் இரவு, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டைத் தரையில் வைத்து, அதன்மேல் சிறிய எல்ஈடி விளக்கொன்றை எரியவிட்டு, காலையில் விழுந்திருப்பதை எண்ணிக் குறித்துவையுங்கள். குப்பி லாம்பு வேண்டாம், தீப்பிடிக்கும். கணக்கு இறங்கிக்கொண்டே வந்து தொடர்ந்து நான்கு கிழமை தட்டு வெறுமையாக இருந்தால் வேலை முடிந்தது. சித்திரைக்குப் பிறகும் விழுந்தால் உங்கள் தரையில் தேடிப் பயனில்லை. கூரையில் எலி இருக்கிறதா, மருந்து கொடுக்காத நாய் எந்த வாசலில் படுக்கிறது, பூட்டிக் கிடக்கும் காம்பரா எது என்று லயத்தின் மறுகோடிவரை போய்ப் பாருங்கள்.